அக்னிவீர் ஓட்டத்துக்குத் தயாராகிறேன், கால் எலும்பு வலிக்கிறது

கேள்வி: வயது 19. ராணுவத்தில் சேர அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன், அடுத்து ஓட்டம். காலையும் மாலையும் தார் ரோட்டில் ஓடுகிறேன். மூன்று வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வலி. கூட ஓடும் அண்ணன் கொடுத்த டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போட்டால் ஓட முடிகிறது. ஓடும் முன் உதட்டுக்குள் புகையிலை வைப்பேன், தெம்பாக இருக்கிறது. தொடரலாமா?

பதில்: தம்பி, மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், ஓட்டத்தையும்தான். கோபம் வரும், தெரியும். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மதிப்பெண் என்றிருக்கும்போது யார்தான் சும்மா உட்காருவார்கள்?

அந்த எலும்பை ஒரு விரலால் மேலிருந்து கீழே அழுத்திப் பாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வில் வந்த வலி, ஓய்வு கொடுத்தால் சில வாரங்களில் அடங்கிவிடும். ஒரே இடத்தில் விரல் பட்டதும் துள்ளினாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். எந்த நாட்டு ராணுவமானாலும் புதிதாகப் பயிற்சிக்கு வரும் பையன்களிடம் இது சகஜம், ஏனென்றால் மூச்சும் தசையும் சீக்கிரம் பழகிவிடும், எலும்பு மெதுவாகத்தான் பழகும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே தெரியாமல் போகலாம் என்பதால் 'நார்மல்' என்று சொன்னதும் மறுபடி ஓடக் கிளம்பிவிடாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். வலியை மறைத்துக்கொண்டு ஓடினால் விரிசல் முறிவாகிவிடும், அப்புறம் இந்த வருடத் தேர்வையே மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த மாத்திரையில் இன்னொரு வம்பும் உண்டு. வியர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அதைப் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து சிறுநீரகமே கெட்டுப்போகலாம். மருந்துச்சீட்டு எழுதும் வேலையை அண்ணன் விட்டுவிடட்டும்!

புகையிலை தருவது தெம்பு இல்லை, நிக்கோடின் இதயத்தை விரட்டுகிறது, அவ்வளவுதான். ரத்தக்குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதையும் தாமதமாக்கும். வேலையில் சேர்ந்ததும் விட்டுவிடலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். தூக்கம் கெட்டு, வீட்டு நினைப்பில் தவிக்கும் முதல் மாதங்களில் பழக்கம் கூடத்தான் செய்யும்.

கால் வலி அடங்கும்வரை நீந்தலாம், வலிக்காவிட்டால் சைக்கிள் மிதிக்கலாம், கம்பியில் தொங்கி புல்-அப்ஸ் எடுக்கலாம் (10 எடுத்தால் 40 மதிப்பெண்). பாலும் முட்டையும் தினமும் சேரட்டும். அரை மணி நேரம் நடந்தும் வலி இல்லை என்றான பிறகு, மருத்துவர் சரி என்றால் மண் தரையில், ஒரு வேளை மட்டும் மெதுவாக ஓட ஆரம்பியுங்கள். வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு.