திரை கேள்வி – பதில்: கதை யார் பக்கம் நிற்கிறது?

திருநெல்வேலி வாசகர்: சினிமா விமர்சனம் எழுதிப் பழகுகிறேன். கதை, நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்று வரிசையாக எழுதினால் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி வந்து விழுகிறது. எங்கே பிசகுகிறது?

அந்த வரிசையில்தான். துறை துறையாகப் பிரித்துவிட்டால் 'இசை அருமை, எடிட்டிங் தொய்வு' என்பதற்கு மேல் எழுத ஒன்றும் மிஞ்சாது. உங்களை உலுக்கிய ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 4, 5 நிமிடம் போதும். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஷாட் மாறும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு. கேமரா பேசுகிறவர் முகத்தில் இருக்கிறதா, கேட்கிறவர் முகத்தில் இருக்கிறதா என்று கோட்டுக்குப் பக்கத்தில் குறியுங்கள். அடுத்த முறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேளுங்கள். பின்னணி இசை எந்தச் சொல்லுக்குப் பிறகு நுழைகிறது, எங்கே அடங்குகிறது? பிறகு இரண்டையும் சேர்த்து ஒருமுறை பாருங்கள். அந்தக் காட்சி யார் பக்கம் நிற்கிறது என்பது இதற்குள் பிடிபட்டிருக்கும். உங்கள் முதல் பத்தியை அங்கிருந்து தொடங்குங்கள். கதைச் சுருக்கம் 5 வரியைத் தாண்ட வேண்டாம்.

இவை எல்லாம் இரண்டாம் முறை பார்க்கும்போது செய்ய வேண்டியவை. முதல் முறை தியேட்டரில் நோட்டைத் திறக்காதீர்கள். எழுதக் குனியும் நேரத்தில் ஒரு பார்வையோ கையசைவோ தவறிப் போகும்.

சேலம் வாசகர்: நாவலைப் படமாக்கும்போது கதையை மாற்றுவது எழுத்தாளருக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

மாற்றாமல் எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். 'அவளுக்குள் பயம் படர்ந்தது' என்று நாவலில் எழுதிவிடலாம். படத்தில் அந்தப் பயம் ஒரு கையிலோ, பாதி சாத்திய கதவிலோ தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பின்னணிக் குரலில் சொல்லவைப்பார்கள், படம் ஒலிச்சித்திரமாகிவிடும்.

புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்துவிட்டு, மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) பாருங்கள். கருவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு கிராமத்தையே எழுப்பியிருக்கிறார். அந்தக் கிராமம் எதற்கு என்பது கடைசிக் காட்சியில் தெரியும். பொறுமை இழந்த ஊரார், கதையின் கெட்டவனான சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்த பெரிய தப்பு அதுதான் என்கிற பொருளில் பேசிவிட்டு அவன் தண்ணீரில் இறங்குகிறான். கெட்டவன் ஒழிந்தான் என்று கைதட்ட முடிகிறதா? அந்த ஒரு பேச்சு நம்மையும் கரையில் நிற்கும் கூட்டத்தோடு நிறுத்திவிடுகிறது. மூலத்திலிருந்து இவ்வளவு விலகியும் புதுமைப்பித்தனுக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை என்பதே என் கருத்து.

கோவை வாசகர்: இடைவேளைக்குப் பிறகு பல படங்கள் படுத்துவிடுகின்றனவே, ஏன்?

பெரும்பாலும் ஃபிளாஷ்பேக்கால். இடைவேளையில் 'இவன் யார்?' என்று கேட்கவைத்துவிட்டு, பிறகு 25, 30 நிமிடம் அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். விளக்கம் கிடைப்பது நமக்கு மட்டும். பக்கத்தில் இருக்கும் பாத்திரங்களிடம் எந்த மாற்றமும் இல்லை. கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது.

'மௌன ராகம்' (1986) படத்தில் திவ்யா கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள். அவன் காரணம் கேட்கிறான். அவள் தன் பழைய காதலைச் சொல்கிறாள். அந்த ஃபிளாஷ்பேக்கை நம்மோடு சேர்ந்து கணவனும் கேட்கிறான். அதற்குப் பிறகு அவன் அதே ஆளாக இருக்க முடியாது. அடுத்து வழக்கறிஞரிடம் போகிறார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகாமல் மனு போட முடியாது என்கிறார் அவர். இனி இரண்டு பேரும் ஒரே வீட்டில் காத்திருந்தாக வேண்டும். மீதிப் படத்துக்கு வேண்டிய இழுவிசை அந்தக் கெடுவிலேயே கிடைத்துவிடுகிறது.

திரைக்கதை எழுதுகிறவர்கள் இடைவேளைப் பக்கத்தின் ஓரத்தில் 'பார்வையாளர் இப்போது எதற்காகக் காத்திருக்கிறார்?' என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதிப் பார்க்கலாம். 'விவரம் தெரிய' என்று வந்தால் இரண்டாம் பாதி தொங்கும். 'இவர்கள் என்ன செய்வார்கள்' என்று வந்தால் பிழைக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: பாட்டு இல்லாவிட்டால்தான் தரமான படமா?

இல்லை. பாட்டு முடியும்போது கதை அதே இடத்தில் நின்றால்தான் குறை.

மதுரை வாசகர்: அப்படியானால் பாட்டே இல்லாத பழைய தமிழ்ப் படம் ஒன்று சொல்லுங்களேன்.

'அந்த நாள்' (1954), எஸ். பாலசந்தர் இயக்கியது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். பிறகு ஆளாளுக்கு அவரைப் பற்றிச் சொல்லும் கதைகள். யார் சொல்கிறார்களோ அதற்கேற்ப அவர் வேறு ஆளாகத் தெரிவார். ஒவ்வொரு சாட்சியத்திலும் சொல்கிறவர் தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறார் என்பதைத் தனியாகக் குறித்துக்கொண்டே வாருங்கள். சுட்டது யார் என்பதை இங்கே சொல்லமாட்டேன்.