வாசகர் கேள்வி பதில்: கம்பு புடிக்கிறவங்க பாக்க வேண்டிய படம்

கேள்வி: அண்ணே, நான் மேலூர் பக்கம், மூணு வருசமா சிலம்பம் கத்துக்கிட்டு இருக்கேன். புரூஸ் லீ, ஜாக்கி சான் படமெல்லாம் தமிழ் டப்பிங்ல திரும்பத் திரும்ப பாத்தாச்சு. நெஜமாவே வித்தை தெரிஞ்சவங்க நடிச்ச படமா சொல்லுங்க.

பதில்: தம்பி, கம்பு புடிக்கிற ஆளுன்னா மொதல்ல 1984ல வந்த 'எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்' பாத்துருங்க. ஹாங்காங் ஷா பிரதர்ஸ் கம்பெனி படம், டைரக்டர் லாவ் கார் லியுங் அவரே குங்ஃபூ குடும்பத்துல வந்தவரு, ஹீரோ கார்டன் லியு. போர்ல குடும்பத்த பறிகொடுத்துட்டு தப்பிச்சு வர்றவன் தன் ஈட்டியோட முனைய வெட்டிப் போட்டுட்டு வெறும் கம்பா எடுத்துக்கிட்டு ஒரு மடத்துக்குப் போறான், அங்க மரத்துல ஓநாய் செஞ்சு வச்சு அதோட பல்லத்தான் கம்பால குத்தி எடுத்து பழகுறாங்க, ஏன்னா சாமியாருங்க உயிர எடுக்கக் கூடாது, பல்ல மட்டும் புடுங்கணும். அந்தப் பழக்கம் கடைசி ஃபைட்ல என்னவா வந்து நிக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதுல நடிச்ச அலெக்சாண்டர் ஃபு ஷெங் ஷூட்டிங் முடியறதுக்குள்ளயே 1983ல கார் விபத்துல இறந்துட்டாரு, அதுக்கப்புறம் கதையவே மாத்தித்தான் முடிச்சாங்க. இது தெரிஞ்சு பாத்தா மனசு கனத்துரும்.

அடுத்தது இதே டைரக்டர் லாவ் கார் லியுங், ஹீரோ கார்டன் லியு ரெண்டு பேரோட '36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்', 1978. பாதிப் படம் பயிற்சி தான். கைய நீட்டி ரெண்டு வாளி தண்ணி தூக்கணும், கைல கத்தி கட்டிருக்கும், கை எறங்குனா கத்தி வெலாவுல குத்தும். எங்க வாத்தியார் ரெண்டு மாசம் கம்பே குடுக்கல, வைகை மணல்ல காலடி மட்டும் போட வச்சாரு, தடத்த குனிஞ்சு பாத்து "குதிகால் அழுந்திருக்கு, திரும்பப் போடு"ம்பாரு. இந்தப் படம் பாக்கும்போது அவரு ஞாபகந்தான் வந்துச்சு.

நல்ல ஃபைட் எதுன்னு கண்டுபுடிக்க நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, கால் தெரியுதா? மொகத்த ஒரு வெட்டு, முட்டிய ஒரு வெட்டுன்னு காமிச்சா ஆளுக்கு வித்தை வரலன்னு அர்த்தம். தலைல இருந்து பாதம் வரைக்கும் ஃபிரேம்ல வச்சு நாலஞ்சு அடி சேத்து ஒரே ஷாட்ல எடுத்துருந்தா நம்பி உக்காரலாம். அப்படிப் பாத்தா தாய்லாந்து 'ஓங் பாக்' (2003) தங்கம், டோனி ஜா ரோப் கட்டாம, கிராபிக்ஸ் இல்லாம பாய்றாரு. ஊர்க் கோயில் புத்தர் செல தலைய ஒருத்தன் வெட்டித் தூக்கிட்டுப் போயிர்றான், அத மீட்க கெளம்புறவனோட கதை, சாமி செல களவு போன ஊர்க்காரங்களுக்கு அந்த வலி புரியும்.

'தி ரெய்டு' (2011) இந்தோனேசியா படம், சிலாட்ங்கற அந்த ஊர் சண்டைக் கலைய வச்சு எடுத்தது, ரத்தம் ஜாஸ்தி. வீட்டுல சின்னப் புள்ளைங்க தூங்குனதுக்கு அப்புறம் போடுங்க.

கேள்வி: என் பொண்ணு ஏழாவது படிக்கிறா, கராத்தே கிளாஸ் போறா. அவளோட சேந்து பாக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்கண்ணே. (திருமங்கலம் வாசகி)

பதில்: 1984ல வந்த 'கராத்தே கிட்' போடும்மா. கார் தொடைக்க வச்சு, வேலிக்கு பெயின்ட் அடிக்க வச்சே கை தடுப்பு சொல்லிக் குடுப்பாரு அந்தப் பெரியவரு, பொண்ணு மறுநாள் வீட்டு வேலையில செஞ்சு பாப்பா. 2010ல ஜாக்கி சான் நடிச்சு வந்ததும் நல்ல படம் தான், ஆனா பேருதான் கராத்தே, உள்ள இருக்கறது குங்ஃபூ. கிளாஸ்ல கத்துக்கறதும் படத்துல பாக்கறதும் ஒண்ணா இருக்கணும்னா பழசையே மொதல்ல போடு.

கேள்வி: தமிழ் டப்பிங்ல பாத்தா தப்பாண்ணே? (உசிலம்பட்டி வாசகர்)

பதில்: ஒரு தப்பும் இல்ல. அந்தக் காலத்து ஹாங்காங் படம் பெரும்பாலும் ஷூட்டிங்ல சவுண்டே எடுக்காம பின்னாடி டப்பிங் குடுத்தது தான், அவங்க ஊர் பாஷையில பாத்தாலும் வாய் ஒட்டாது.