ஒரே பி27 முடிவு, இரண்டு விதக் கட்டிகள்

வணக்கம். நாமக்கல் அருகே ஒரே கொட்டகையில் இறந்த இரண்டு முட்டைக்கோழிகளில், ஒன்றுக்குப் பர்சாவிலும் (மலவாய் அருகேயுள்ள நோய் எதிர்ப்பு உறுப்பு) கல்லீரலிலும், மற்றதற்கு நெஞ்செலும்பின் உட்புறத்திலும் வெண்மஞ்சள் கட்டிகள் இருந்தன என்றும், இரண்டுக்கும் கோழி லியூகோசிஸ் எனும் கட்டிநோய் வைரஸுக்கான பி27 எலைசா (புரதத்தைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) பாசிட்டிவாக இருக்க இந்த வேறுபாடு எதனால் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பி27 கோழி லியூகோசிஸ் வைரஸின் எல்லா உட்பிரிவுகளுக்கும் பொதுவான புரதம்; கோழியின் சொந்த மரபணுத்தொகுதியில் தங்கிவிட்ட பழைய வைரஸ்களாலும் அது பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால், அதை வைத்து உட்பிரிவைச் சொல்ல இயலாது. உட்பிரிவைத் தீர்மானிப்பது, வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் வெளி உறைப்புரதத்தை உருவாக்கும் 'என்வ்' மரபணு. ஏ பிரிவு பெரும்பாலும் பர்சாவின் பி செல்களில் (எதிர்ப்புப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்கள்) கட்டியை உண்டாக்குகிறது. 1980களின் இறுதியில் இங்கிலாந்தில் இறைச்சிக்கோழி இனங்களில் கண்டறியப்பட்ட ஜே பிரிவோ எலும்பு மஜ்ஜையின் மைலாய்டு செல்களை (சில வகை வெள்ளணுக்களின் முன்னோடிகள்) நாடுகிறது. இவ்விரண்டின் உறை மரபணுக்களை இடம் மாற்றிப் பொருத்திச் சோதித்தபோது, கட்டியின் வகையைத் தீர்மானிப்பதில் உறைக்கே முதன்மைப் பங்கு இருப்பது தெரிந்தது.

இருப்பினும், செல்லுக்குள் நுழைவது மட்டுமே காரணம் என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். ஜே பிரிவு பற்றிக்கொள்ளும் என்எச்இ1 ஏற்பி (செல்லின் மேற்பரப்பிலுள்ள புரதம்) ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. வைரஸின் எல்டிஆர் பகுதி (மரபணுக்களை இயக்கிவிடும் முனைப்பகுதி) எந்தச் செல்லில் வலுவாக இயங்குகிறது, எந்த மரபணுவின் அருகே செருகிக்கொள்கிறது (பர்சா கட்டிகளில் பெரும்பாலும் செல் பெருக்கத்தைத் தூண்டும் 'மிக்') என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டு கட்டிகளிலிருந்தும் தனித்தனியே திசு எடுத்து, என்வ் பகுதிக்கான பிசிஆரும் (மரபணுப் பகுதியைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) திசுவியலும் (நுண்ணோக்கியில் திசு ஆய்வு) செய்யுங்கள். நெஞ்செலும்புக் கட்டியில் சிவப்புச் சாயம் ஏற்ற துகள்கள் நிறைந்த மைலோசைட்டுகள் (முதிராத மைலாய்டு செல்கள்) தெரிந்தால், ஜே பிரிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.