பரணில் கிடைத்த தாத்தா பாட்டி பெட்டி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பாட்டி சென்ற ஆண்டு காலமானார். தாத்தா பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டார். இருவரும் உயில் எழுதவில்லை. பரணில் இருந்த மரப்பெட்டியை நான்தான் திறந்தேன். பாட்டியின் நகைகள், தாத்தாவின் கடிதங்கள், ஓலைச்சுவடிகள், ஒரு சிறிய ஐம்பொன் அம்மன் சிலை ஆகியவை இருந்தன. என் அப்பா தாத்தாவுக்கும் முன்பே இறந்தவர். 'அத்தைக்குத்தான் சீர் செய்தாயிற்றே' என்கிறார் சித்தப்பா. சிலையை வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் கேட்கிறான். எனக்கு என்ன உரிமை?

பதில்: கண்டெடுத்தவர் என்பதால் தனி உரிமை எதுவும் வராது. இது புதையலும் இல்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணிலோ மண்ணோடு பிணைந்த கட்டடத்திலோ புதைந்து கிடப்பதைப் பற்றியது. பரண் பெட்டிக்காக கலெக்டர் ஆபீசுக்கு அலைய வேண்டாம்.

எது யாருடையது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பாட்டியின் நகை மூன்று சம பங்கு: சித்தப்பா, அத்தை, அப்பாவின் இடத்தில் நீங்களும் உடன்பிறந்தவர்களும். உங்கள் அம்மாவுக்கு இதில் பங்கில்லை. தாத்தா சுயமாகச் சேர்த்தவற்றில் மட்டும், உங்கள் கிளைக்கு வரும் பங்கில் அம்மாவும் சேருவார். சீர் செய்ததால் அத்தையின் பங்கு போய்விடாது. இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

சிலை விஷயம்தான் கவனம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த சிலை தொல்பொருள். வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடிக்கு 75 ஆண்டே போதும். தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. சித்தப்பா மகன் தன் பயணப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம் என்ற பேச்சே வேண்டாம். வயது குறைவு என்று தோன்றினாலும், இந்தியத் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்று வாங்கிய பிறகே அனுப்பலாம்.

வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல, ஆனால் அவ்வளவு பழைய சிலையைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன் பீடத்தைப் பாருங்கள். கோயில் பெயரோ ஊர்ப் பெயரோ பொறித்திருந்தால், அது உங்கள் குடும்பச் சொத்தே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் யார் கைக்கும் மாற்றாமல், ஒரு வக்கீலோடு போய்த் தொல்லியல் துறையிடம் தெரிவியுங்கள். புளி போட்டுத் தேய்த்து எழுத்தை அழித்துவிடாதீர்கள்.

இப்போதே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பட்டியல் போட்டு, மூன்று கிளையினரும் கையெழுத்திடுங்கள். நகையை எடைபோட்டுக் குறியுங்கள். அசையும் பொருளைப் பிரித்துக்கொள்ளப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை. கடிதங்களை ஸ்கேன் செய்து ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். மூலம் யாரிடம் இருப்பது என்பதை நீங்களே பேசி முடிப்பது நல்லது, கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும்.