காப்பகத்துக்கு வரும் நாயையும் பூனையையும் எப்படிப் பார்க்கிறோம்: கேள்வி பதில்

சென்னையில் ஒரு விலங்குக் காப்பகத்தில் 12 ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். புதிதாக வரும் நாய், பூனைகளை முதலில் பார்ப்பது என் வேலை. அவற்றின் உடல்நலத்தையும் குணத்தையும் எப்படிக் கணிக்கிறோம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அடிக்கடி வந்த கேள்விகளையும், கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: டாக்டர், மெலிந்து கிடந்த ஒரு தெருநாயை ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனோம். உடனே தொட்டுப் பார்க்காமல் அரை மணி நேரம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது சரியா?

மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், வலிப்பு என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மற்றபடி, தள்ளி நின்று பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. எந்தக் காலைத் தாங்கி நடக்கிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, தாடை தொங்கி எச்சில் வடிகிறதா, நெற்றியிலோ காலிலோ தசை விட்டுவிட்டுத் துடிக்கிறதா என்பதெல்லாம் தொடாமல் இருக்கும்போதுதான் தெளிவாகத் தெரியும். தாடை தொங்கினால் ரேபிஸ் சந்தேகம் வரும். தசை துடித்தால் டிஸ்டெம்பர் என்ற, நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய் நினைவுக்கு வரும்.

நம் ஊர் வெயிலும் ஒரு காரணம். நாயின் இயல்பான உடல் சூடு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மே மாதத்தில் ஆட்டோவில் பயந்து நடுங்கி வந்த நாய்க்கு இறக்கியதுமே தெர்மாமீட்டர் வைத்தால் 103-ஐத் தாண்டிக் காட்டலாம். நிழலில் தண்ணீர் வைத்து விட்டுவிட்டு, மறுபடி பார்த்தால்தான் அது காய்ச்சலா இல்லையா என்று சொல்ல முடியும்.

அப்புறம் மூக்கிலிருந்து வால்வரை கையால் தடவிப் பார்ப்போம். ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். நாட்டு நாய்கள் நிறையவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்போது கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்ப்பேன். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலா, கொக்கிப்புழுவா என்று பார்க்க ரத்தமும் மலமும் எடுப்போம். தோள் மேல் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். படியவில்லை என்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. எலும்பும் தோலுமாக வந்த நாயிடம் இந்தக் கிள்ளலை மட்டும் நம்ப முடியாது, வாயின் ஈரத்தையும் பார்க்க வேண்டும்.

கோவில்பட்டி: எங்கள் சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு தெரிகிறது. பட்டினி போட்டதாகச் சொல்கிறார்கள்.

உடல்வாகுக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவோம். நாய்க்கு 4, 5 நல்ல நிலை. சிப்பிப்பாறை, கன்னி மாதிரி வேட்டை நாய்கள் ஓடுவதற்கென்றே ஒல்லியாக இருப்பவை, கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது அவற்றுக்கு இயல்பு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு, தொடைச் சதை கரைந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ராஜபாளையம்: காப்பகத்திலிருந்து எங்கள் ஊர் நாய் ஒன்றையே எடுத்து வந்தோம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "யாரோடும் ஒட்டாது" என்று அட்டையில் எழுதியிருந்தார்கள்.

முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட ராஜபாளைய நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, தரை அதிராமல், காற்று படாமல், பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது மடலாவது அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அது உங்களை ஒதுக்கவில்லை, உங்கள் குரல் அதற்கு எட்டவே இல்லை. கை ஜாடையில் அருமையாகப் பழகும். தூங்கும்போது மட்டும் திடீரென்று தொட்டு எழுப்பாதீர்கள்.

வேலூர்: வயதை எப்படிச் சொல்கிறீர்கள்?

பல்லை வைத்துத்தான். நாய்க்குட்டிக்கு நிலையான முன்பற்கள் 3 முதல் 5 மாதத்தில் வரும், கோரைப்பல் 5, 6 மாதத்தில். 7 மாதத்துக்குள் 42 பல்லும் வந்துவிடும். அதற்கு மேல் தேய்மானம், காரை, கண்ணின் மங்கல் எல்லாம் வைத்து ஒரு கணிப்புதான். கல்லையும் எலும்பையும் கடித்து வளர்ந்த தெருநாயின் பல் வயதைக் கூட்டிக் காட்டும். "சுமார் 4 வயது" என்று எழுதியிருந்தால் 3 முதல் 6 வரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை: தத்தெடுக்கப் போனால் குட்டிகளை இரண்டு வாரம் காட்டவே மாட்டேன் என்கிறார்கள். நன்றாகத்தானே விளையாடுகிறது?

பார்வோ வைரஸ் உடலுக்குள் போய் நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள், சில சமயம் 14 நாள்வரை ஆகும். இன்று துள்ளி விளையாடும் குட்டி நாளைக்கு ரத்தப்பேதியோடு படுத்துவிடலாம். உங்கள் செருப்பில் ஒட்டும் துளி மலம்கூட அடுத்த கூண்டுக் குட்டிகளுக்குப் போதும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

மலத்தில் பார்க்கும் கிட் இருக்கிறது. ஆனால் நோயின் ஆரம்பத்தில் அது "இல்லை" என்று தவறாகக் காட்டலாம், தடுப்பூசி போட்ட சில நாட்களில் லேசாக "ஆம்" என்றும் காட்டலாம். கிட்டோடு சேர்த்துக் குட்டியையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். காப்பகத்தில் முதல் ஊசியை 4 முதல் 6 வார வயதிலேயே, உள்ளே வந்த அன்றே போட்டுவிடுவோம்.

இதை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: பினாயில் பார்வோவைக் கொல்லும் என்று நம்ப முடியாது. பூனைக்கோ அது விஷம். இடத்தை முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வீட்டு உபயோக பிளீச் திரவம் 1 பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் விட்டு அலசுங்கள்.

கோவை: ரப்பர் கையை வைத்துச் சாப்பாட்டுத் தட்டை இழுத்துப் பார்க்கும் சோதனையை வீடியோவில் பார்த்தேன். உறுமினால் அந்த நாய் தோல்வியா?

அமெரிக்கக் காப்பகங்களில் பல ஆண்டுகள் நடந்த சோதனை அது. குச்சியில் மாட்டிய பிளாஸ்டிக் கையால் தட்டை இழுப்பார்கள். உறுமியது, கடித்தது என்று எழுதி, அதை வைத்தே பல நாய்களின் உயிர் முடிவு செய்யப்பட்டது. 2016-ல் கேரி பேட்ரனெக், ஜானிஸ் பிராட்லி என்ற இருவர் இந்த மாதிரிக் குணச் சோதனைகளின் கணக்கை அலசி, அவை நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானவை அல்ல என்று எழுதினார்கள். காப்பகத்தில் தட்டைக் காத்த நாய்கள் பல வீட்டுக்குப் போனபின் காக்கவில்லை. காப்பகத்தில் சும்மா இருந்த சில, வீட்டில் காத்தன.

எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. குப்பைத்தொட்டியில் கிடைத்ததைத் தின்று பிழைத்த நாய், நாலு பக்கமும் குரைப்புக்கு நடுவே கிடைத்த ஒரு தட்டுச் சோற்றை விட்டுக்கொடுக்குமா? பசி ஆறவே சில நாள் ஆகும். புதிய இடத்துக்கு வந்த முதல் 3 நாட்களில் நாயின் ரத்தத்தில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் அதிகமாகவே இருக்கிறது என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் எடுக்கும் குணச் சான்றிதழில் பயம்தான் பதிவாகும்.

எங்கள் இடத்தில் அந்தச் சோதனை கிடையாது. தினமும் சோறு வைப்பவர், கூண்டு கழுவுபவர், நடக்கக் கூட்டிப்போகும் தன்னார்வலர் மூவரும் ஒரே நோட்டில் எழுதுகிறார்கள். பத்து நாள் பக்கங்களைச் சேர்த்துப் படித்தால் ஒரு நாயின் முகம் தெரிய ஆரம்பிக்கும்.

சேலம்: "கடிக்கும்" என்று எழுதிவிட்டால் அதோடு அந்த நாய் கதை முடிந்ததா?

முடியக் கூடாது. இதில் நானே செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

வாய் நரைத்த ஒரு ஆண் நாய் வந்தது. முகத்துப் பக்கம் கை கொண்டுபோனாலே பாய்ந்தது. கூண்டில் சிவப்பு அட்டை மாட்டி, "தொட்டால் கடிக்கும்" என்று என் கையாலேயே எழுதினேன். நாலாம் நாள், கூண்டு கழுவும் அக்கா வந்து, "டாக்டரம்மா, அது ஒரு பக்கமாகவே மெல்லுது" என்றார். மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தால், மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்து, கண்ணுக்குக் கீழே வரை சீழ் கோத்திருந்தது. பல்லைப் பிடுங்கி மருந்து கொடுத்தோம். ஒரு வாரத்தில் அதே அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்தது. அவர் சொல்லியிருக்காவிட்டால் அந்த அட்டை அங்கேயே தொங்கியிருக்கும்.

அன்றிலிருந்து சிவப்பு அட்டைக்கு முன்னால் பல், காது, இடுப்பு, முதுகு நான்கிலும் வலி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்பது எங்கள் விதி.

நாகர்கோவில்: கடித்த நாயைக் கொண்டுவந்தால் ரேபிஸ் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துச் சொல்ல முடியுமா?

முடியாது. உயிரோடு இருக்கும் நாயிடம் ரேபிஸை உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இல்லை, இறந்தபின் மூளையில்தான் பார்க்க முடியும். அதனால் கடித்த நாயைத் தனியாக அடைத்து 10 நாள் கண்காணிப்போம். கடித்த நேரத்தில் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால் அதற்குள் நோய் வெளிப்பட்டுவிடும். ஆனால் கடிபட்டவர் அந்த 10 நாளுக்குக் காத்திருக்கவே கூடாது. உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்க வேண்டும்.

திருச்சி: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ரேபிஸ் உள்ளதும் ஆக்ரோஷமானதும் தவிர என்று 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக்ரோஷம் என்று யார், எப்படி முடிவு செய்வது மேடம்?

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை. வலை வீசிப் பிடித்து, வண்டியில் ஏற்றி, வயிற்றில் தையலோடு கூண்டில் போட்ட நாய் பல்லைக் காட்டினால், அதை வைத்து ஆயுள் முழுக்க அடைப்பது அநியாயம். குட்டி போட்ட தாயும் அப்படித்தான்.

நான் கேட்பது நடந்த சம்பவத்தை. யாரைக் கடித்தது, எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது, எத்தனை முறை? காயம் எவ்வளவு ஆழம்? இதற்கு இயன் டன்பார் என்ற நாய்ப் பயிற்சியாளர் வகுத்த 6 படி அளவுகோல் இருக்கிறது. பல் தோலில் படாமல் பாய்ந்தது முதல் படி, தோல் துளைபடாமல் பல் பட்டது இரண்டாம் படி, உயிர் போனது ஆறாம் படி. முதல் இரண்டு படி நாயையும், வழியில் போன குழந்தையைத் துரத்தி ஆழமாகப் பலமுறை கடித்த நாயையும் ஒரே சொல்லால் அழைக்கக் கூடாது. பின்னதைத் தெருவில் திரும்ப விடச் சொல்ல மாட்டேன், அந்தத் தெருக் குழந்தைகளும் எனக்கு முக்கியம்.

வேளச்சேரி: அக்கா, காணாமல்போன எங்கள் பூனையை ஒரு காப்பகத்தில் கண்டுபிடித்தோம். "காட்டுப் பூனை மாதிரி சீறுது, பழக்க முடியாது" என்று பிரித்து வைத்திருந்தார்கள். வீட்டில் அது மடிப்பூனை!

படிக்கும்போதே வருத்தமாக இருந்தது. பயந்த வீட்டுப் பூனையும், மனிதரையே அறியாமல் வளர்ந்த பூனையும் முதல் நாள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் மூலையில் ஒடுங்கும், காதைப் படுக்க வைக்கும், சீறும்.

வித்தியாசம் தெரிய மூன்று நாளாவது வேண்டும். தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் போய்ப் பக்கவாட்டில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிப் பார்க்க வேண்டும். கதவைக் கொஞ்சம் திறந்தால் முன்னே வருகிறதா, நீளமான குச்சியால் கன்னத்தைத் தொட்டால் உரசுகிறதா? மெதுவாகக் கண் சிமிட்டுவது, வாலைத் தூக்குவது, ஆள் இருக்கும்போதே முகம் கழுவிக்கொள்வது எல்லாம் வீட்டில் வாழ்ந்த பூனையின் அடையாளம். ஒன்று தெரிந்தாலும் குறித்துக்கொள்வோம்.

அதைவிட முக்கியம் ஒளிய இடம். 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக, நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சீக்கிரமே பதற்றம் தணிந்தன. நம் ஊரில் காலி அட்டைப்பெட்டி எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும்.

பயத்துக்கு உடம்பிலும் விலை உண்டு. ஹெர்பிஸ் வைரஸை முன்பே சுமக்கும் பூனைக்கு, இடம் மாறிய ஒரு வாரத்தில் தும்மலும் கண் நீரும் வரலாம். குண்டான பூனை சில நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பூனைக் கூண்டு நோட்டில் நான் முதலில் தேடுவது "சாப்பிட்டதா" என்ற வரியை.

பாண்டிச்சேரி: 3 மாதக் குட்டிப் பூனைக்கு எஃப்ஐவி "ஆம்" என்று வந்திருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எஃப்ஐவி என்பது பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ். ஆனால் அந்தக் கிட் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளை. தாயின் பால் வழியாக வந்த எதிர்ப்பொருளாகவும் அது இருக்கலாம். குட்டிக்கு 6 மாத வயது ஆன பிறகு மறுபடி பாருங்கள்.

ஈரோடு: காப்பகத்தில் சாதுவாகப் படுத்திருந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் வாசலில் யார் வந்தாலும் குரைக்கிறது. எங்களிடம் மறைத்துவிட்டார்களா?

அநேகமாக இல்லை. அதிகப் பயத்தில் சில நாய்கள் அப்படியே உறைந்துபோகும், பார்ப்பவர்கள் அதைச் சாது என்று நினைத்துவிடுவார்கள். இப்போது அது மூச்சு விடுகிறது, வீட்டைத் தன்னுடையது என்று நினைக்கிறது. குரைப்பதற்கு முன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் எழுதுங்கள். உடம்பு தளர்ந்து வால் ஆடினால் ஒரு கதை, விறைத்து நின்று கண்ணின் வெள்ளை தெரிந்தால் வேறு கதை. எழுதியதை அந்தக் காப்பகத்துக்கு அனுப்புங்கள், அவர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

காஞ்சிபுரம்: அடுத்த வாரம் தன்னார்வலராகச் சேர்கிறேன். என்ன எழுதச் சொல்வீர்கள்?

"கோபக்காரி", "பொறாமை", "திமிர்" என்று எழுதாதீர்கள். பார்த்ததை எழுதுங்கள்: "காலை 8 மணி. நான் வாளியோடு வந்தேன். பின்னால் நகர்ந்தது, உதட்டை நக்கியது, கொட்டாவி விட்டது. வாளியை வெளியே வைத்ததும் முன்னே வந்தது." வாளியைக் கண்டு பயப்படும் நாய் அது. அடுத்த நாள் கழுவ வருபவருக்கு அந்த நாலு வரி போதும், வாளியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போவார்.