வடிகாலைக் கீழ்முனையிலிருந்து தூர்வாருங்கள்

வாய்க்கால் பணியில் இறங்கியிருக்கும் தன்னார்வலர்களின் கேள்விகளுக்குத் திருத்துறைப்பூண்டிப் பகுதி விவசாயி ஒருவர் அளித்த பதில்கள்.

திருவாரூர் மாணவி: ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் சில ஞாயிற்றுக்கிழமைகளே இருக்கின்றன. பாசன வாய்க்காலைத் தூர்வாருவதா, வடிகாலையா?

வடிகாலைத்தான், அம்மா. பாசன வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் கேட்டு ஊரே குரல் கொடுக்கும். வடிகாலை ஐப்பசி மழை கொட்டும்வரை எவரும் நினைப்பதில்லை. நம் நிலம் கடலை நோக்கி மிக மெல்லத்தான் சரிகிறது. ஓரிடத்தில் நெய்வேலிக் காட்டாமணக்கு புதர் கட்டினாலே மேலேயுள்ள வயல்களில் தண்ணீர் தேங்கி, நட்ட சம்பா அழுகிவிடும். வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். மேலே மட்டும் சுத்தம் செய்தால், வெள்ளம் கீழூர்க்காரர் வயலில்தான் போய் நிற்கும். அதை நான் ஒப்பமாட்டேன்.

மன்னார்குடி இளைஞர்: எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

மதகின் அடித்தளம்தான் அளவு, தம்பி. மதகு வாயில் படிந்த சேற்றை வழித்து, சிமெண்டுத் தளம் தெரியும்வரை கழுவுங்கள். அங்கிருந்து அடுத்த மதகின் தளம்வரை கயிறு பிடித்து, அந்த மட்டத்துக்கு வெட்டுங்கள். அதற்குக் கீழே தோண்டினால் தண்ணீர் குட்டையாக நிற்கும், பாயாது; கரையும் அடியிலிருந்து சரியும். கடலோர ஊர்களில் குளத்தை ஆழமாக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அங்கே நன்னீருக்கு அடியில் உப்புநீர் கிடக்கிறது. அதைக் கிளறிவிட்டால் குளத்து நீர் மாட்டுக்குக்கூட உதவாது.

நாகை ஆசிரியை: எத்தனை முறை அகற்றினாலும் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் திரும்ப வந்துவிடுகின்றனவே?

அரிந்த காட்டாமணக்குத் தண்டைக் கரையிலேயே போடுவதால்தான். ஈரம் பட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விடும். வேரோடு பிடுங்கி, கரையைத் தாண்டிய மேட்டில் வெயிலில் காயவிடுங்கள். ஆகாயத்தாமரையின் விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பூக்கும் முன்பே வாரிவிடுங்கள். அடுத்த ஆண்டும் வரத்தான் வேண்டும், டீச்சர்.

பேராவூரணி வாசகர்: கரையில் பனை விதைக்கலாமா?

தாராளமாக. கரையின் வெளிச்சரிவில், ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் பொக்லைன் வர வழி வேண்டும்.

கும்பகோணம் மாணவர்: அனுமதி வேண்டுமா? பாதுகாப்புக்கு என்ன செய்வது?

நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்திலும் ஊராட்சியிலும் எழுதிக் கொடுத்துவிட்டே மண்வெட்டியைத் தொடுங்கள். வண்டலை வயலுக்கு ஏற்ற வட்டாட்சியர் அனுமதி தனி. சேற்றில் உடைந்த பாட்டில்கள் கிடக்கும். முழங்கால்வரை பூட்ஸ் கட்டாயம். காலில் புண் உள்ளவர்களைச் சேற்றில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக ஏறும். அவர்கள் கரையில் நின்று கயிறு பிடிக்கட்டும்.