மணலில் யோகா: பில் கேட்க ஏன் தயங்குகிறீர்கள்?

தீபாவளி முடிந்து டெல்லியில் புகை இறங்கியதும் எங்காவது ஓடிவிட்டால் போதும் என்று தோன்றும். இப்போது அந்த ஓட்டம் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஜைசல்மேர் பக்கம் திரும்பியிருக்கிறது. காலையில் மணலில் யோகா, மாலையில் மணல்மேடுகளில் நடை, நாலு நாள், ஐந்து நாள் முகாம். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவைதான். அவற்றைச் சுருக்கி, என் பதிலோடு தருகிறேன்.

மௌன முகாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். ஆளுக்கு 24,000 ரூபாய் கட்டி நானும் அக்காவும் போனோம். படத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல். நேரில் பார்த்தால் இரண்டு பக்கமும் வேறு கூடாரங்கள், ராத்திரி பன்னிரண்டு மணி வரை டிஜே பாட்டு. காலை ஐந்தரைக்குத் தியானம். தூக்கமே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘மௌனம் உங்களுக்குள் இருக்க வேண்டும்’ என்கிறார்கள்.
— வாசகி, மயூர் விஹார்

அவர்கள் சொன்ன பதிலைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. 48,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, குறை சொன்னவரிடமே குறை இருப்பதாகச் சொல்வது அநியாயம்.

நீங்கள் போன இடம் சம் மணல்மேடுகள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஜைசல்மேர் ஊரிலிருந்து மேற்கே சுமார் 40 கி.மீ. சீசனில் அங்கே கூடார முகாம்கள் வரிசையாக நிற்கும். ஒட்டகச் சவாரி, ஜீப் ஓட்டம், கால்பேலியா என்ற நாட்டுப்புற நடனம், அப்புறம் பாட்டு. அதற்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு, அவர்கள் மேல் தப்பில்லை. அந்த நடுவில் கொண்டுபோய் மௌனத்தை விற்றவர் மேல்தான் தப்பு. அவருக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. இன்னொன்று, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்தே ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. பண்டிகை நாட்களில் மாநில அரசு நள்ளிரவு வரை அனுமதிக்கலாம், அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது.

விளம்பரத்தை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே அழித்துவிடுவார்கள். அக்கா எடுத்த வீடியோவில் பாட்டுச் சத்தமும் நேரமும் பதிவாகியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அதுதான் உங்களுடைய பெரிய பலம். முதலில் இமெயிலில் குறையை எழுதி, எவ்வளவு தொகை திரும்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஜைசல்மேருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே அந்த இமெயிலை அனுப்பிவிடுங்கள்.

மே மாதம் பாலைவன ட்ரெக்கிங், 60 சதவீதம் தள்ளுபடி. போகலாமா?
— வாசகர், முனிர்கா

வேண்டாம் தம்பி. மே மாதம் அங்கே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரைதான் அந்த மணலில் நடக்கலாம்.

ஐந்து நாள் பாலைவன முகாமின் முடிவில் ‘200 மணி நேர யோகா ஆசிரியர்’ சான்றிதழ் தருகிறார்கள். யோகா அலையன்ஸ் என்ற அமெரிக்க அங்கீகாரம் உண்டாம். சேரலாமா?
— வாசகி, ரோகிணி

ஐந்து நாளில் தூங்காமல் இருந்தால்கூட மொத்தம் 120 மணி நேரம்தான். மீதி 80 மணி நேரத்தை எங்கே கற்றுத் தருவார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் யோகா அலையன்ஸ், ஆசிரியர்களையும் பள்ளிகளையும் பதிவு செய்துகொள்ளும் ஓர் அமெரிக்கச் சங்கம். அது அரசு அங்கீகாரம் ஆகாது. நம் நாட்டில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இருக்கிறது. டெல்லியிலேயே அசோகா ரோட்டில் மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனம் இருக்கிறது. நிஜமாகவே கற்றுத்தர ஆசையிருந்தால் முதலில் அங்கே போய் விசாரியுங்கள்.

ஒரு குருஜி நடத்தும் பாலைவன யோகா முகாமுக்கு 15,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். குருஜி வரவே இல்லை. அவருடைய சிஷ்யர் ஒருவர் இரண்டு நாள் நடத்திவிட்டு முடித்துக்கொண்டார். கேட்டால், ‘அது கட்டணம் இல்லை, நீங்கள் மனமுவந்து கொடுத்த தட்சிணை’ என்கிறார்கள். பில் எதுவும் இல்லை. அந்த இடத்தில் பில் கேட்கக் கூச்சமாக இருந்தது.
— பணி ஓய்வு பெற்ற வாசகர், ஆர்.கே.புரம்

ஐயா, உங்கள் கடைசி வரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பல வருடங்களாக மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது.

காய்கறிக் கடையில் பத்து ரூபாய் கூடுதலாகச் சொன்னால் நாம் சும்மா விடுவதில்லை. மிக்ஸி வாங்கினால் கியாரண்டி கார்டில் கடை முத்திரை விழுந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்போம். ஆனால் யோகா, தியானம், ஆசிரமம் என்று வந்துவிட்டால் பில் கேட்பது அபசாரம் போல நினைக்கிறோம். எதிரே காவி உடுத்தி ஒருவர் உட்கார்ந்திருந்தால் வாயே வருவதில்லை. இந்தக் கூச்சத்தை நம்பியே சிலர் தொழில் நடத்துகிறார்கள். கட்டணம் என்று சொல்லாமல் தட்சிணை என்பார்கள், அர்ப்பணம் என்பார்கள், நன்கொடை என்பார்கள். நாலு நாளுக்கு இவ்வளவு, தனிக் கூடாரம் வேண்டுமென்றால் இன்னும் இவ்வளவு என்று விலை மட்டும் கறாராக இருக்கும். விலை நிர்ணயித்து வாங்கும் பணம் எப்படி நன்கொடையாகும்?

நன்கொடை என்றே வைத்துக்கொள்வோம். ரொக்க நன்கொடை 2,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரியில் நன்கொடைக்கான கழிவுகூடக் கிடையாது. ஆக உங்கள் 15,000 ரூபாய்க்கு வரிச் சலுகையும் இல்லை, சேவையும் இல்லை, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. எல்லா லாபமும் அவர்கள் பக்கம்தான்.

பில் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பில் கொடுக்காமல் இருப்பதையே நேர்மையற்ற வணிக முறை என்று 2019 சட்டம் சொல்கிறது. சேவையில் குறை இருந்தால், பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. நேர்மையாக முகாம் நடத்துகிற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் நீங்கள் கேட்பதற்கு முன்பே ரசீது தருவார்கள். முகத்தைச் சுளிக்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.

உங்கள் விஷயத்தில் இன்னும் வழி இருக்கிறது. முகாம் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அழிக்கவில்லையே? அதில் ‘4 நாள், 15,000 ரூபாய், குருஜி நேரில் நடத்துவார்’ என்று இருந்தால், எந்தப் பெயரில் வாங்கினாலும் அது சேவைக்கான விலைதான் என்று வாதாடலாம். வங்கியிலிருந்து அதே தேதியில் பணம் எடுத்த பதிவு, கூட வந்தவர் யாராவது எழுதித் தரும் வாக்குமூலம், இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிரமமான வழக்குதான், மறைக்கவில்லை. ஆனாலும் 1915-க்கு இன்றே சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்த பாலைவன முகாமுக்கு யுபிஐயில் 8,500 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பினேன். மறுநாள் அந்தப் பக்கமே காணவில்லை. போனும் எடுக்கவில்லை. சேர்த்து வைத்த பணம்.
— கல்லூரி மாணவி, லாஜ்பத் நகர்

உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், காத்திருக்கும் விஷயமில்லை இது. மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இப்படி நடந்தால் அடுத்த நிமிடமே 1930-ஐக் கூப்பிட வேண்டும். அது சைபர் மோசடிக்கான எண். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் வங்கியில் நிறுத்திவைக்க முடியும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கும் புகார் கொடுங்கள். ஏமாந்துவிட்டோமே என்று உள்ளுக்குள் மருகாதீர்கள் அம்மா, தவறு செய்தவர் நீங்கள் இல்லை. அடுத்த தடவை பணம் போகும் பெயரைப் பாருங்கள். முகாம் பெயர் ஒன்று, யுபிஐயில் வரும் தனிநபர் பெயர் வேறொன்று என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

‘இன்னும் 2 இடம்தான்’ என்று திரையில் வந்ததால் உடனே முழுப் பணமும், 19,500 ரூபாய், கட்டினேன். ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை. ரத்து செய்தால் பணம் வராது என்று விதிமுறையில் இருக்கிறதாம். நான் படிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், துவாரகா

லீவு கேட்காமல் பணம் கட்டினீர்கள். விதிமுறையைப் படிக்காமல் டிக் செய்தீர்கள். மாதத்துக்கு நாலு கடிதம் இதே போல வருகிறது, நானும் இதையே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். இடம் நிறைய இருக்கும்போதே இரண்டுதான் மிச்சம் என்று காட்டினால் அது பொய்யான அவசரம். 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், இணையத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடை செய்திருக்கின்றன, அதில் இதுவும் ஒன்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே ‘2 இடம்’ காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் படம் எடுத்து வைத்துக்கொண்டு அவர்களிடம் பேசுங்கள். உங்கள் இடத்தை வேறு ஒருவருக்கு மாற்றித் தரும்படியும் கேளுங்கள். அதற்குப் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இரண்டுக்கும் சம்மதிக்காவிட்டால், லீவு கிடைக்காததை வைத்துக்கொண்டு முழுப் பணமும் கேட்டு நீங்கள் வழக்கு நடத்துவது கஷ்டம்.

டிசம்பர் கடைசியில் ஜைசல்மேர் ட்ரெக்கிங் போகிறேன். ஸ்லீப்பிங் பேக், ஷூ எது வாங்கலாம்?
— வாசகர், கரோல் பாக்

முதலில் முகாமில் ரஜாய் (பஞ்சு வைத்த கனமான போர்வை) தருகிறார்களா என்று கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள், அப்போது ஸ்லீப்பிங் பேக்கே தேவைப்படாது.

நான் கேட்கவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் ஜைசல்மேர் அருகே குரி கிராமத்துப் பக்கம் போனேன். அதற்காக டெல்லியில் ஒரு பெரிய சந்தையில் 2,800 ரூபாய்க்கு ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். மேலே பெரிய எழுத்தில் ‘மைனஸ் 5’ என்று போட்டிருந்தது. பகலில் சட்டையோடு நடந்த அதே இடத்தில் ராத்திரி குளிர் எலும்பு வரை இறங்கியது. கொண்டுபோன துணி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டும் விடியும் வரை உட்கார்ந்தே இருந்தேன். திரும்பி வந்து பையைத் தையல் ஓரமாகப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பஞ்சு கட்டிகட்டியாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. பாதி இடத்தில் வெறும் துணிதான். கடைக்காரர் மாற்றித் தர மாட்டேன் என்றார். பில் வாங்கியிருக்கவில்லை, மேலே எதுவும் செய்ய முடியவில்லை.

நல்ல பைகளில் மூன்று வெப்பநிலை எழுதியிருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கடைசி எண் உயிர் தப்புவதற்கான எல்லை, அதில் தூங்க முடியாது. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண். ஒரே ஒரு எண் மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். டிசம்பர் கடைசியில் அங்கே ராத்திரி 5, 6 டிகிரிக்கு இறங்குவது சாதாரணம், சில நாள் அதற்கும் கீழே போகும். கம்ஃபர்ட் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கட்டும். ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பது மேல்.

ஷூ கணுக்காலை மூடட்டும். வலை வலையாக இருக்கும் ஓட்டப் பயிற்சி ஷூவில் மணல் புகுந்துவிடும். வாங்கியவுடன் இரண்டு வாரம் லோதி கார்டனிலோ வீட்டுப் பக்கமோ போட்டு நடந்து பழகுங்கள். ராத்திரி கூடாரத்துக்கு வெளியே வைத்த ஷூவை உதறாமல் காலை நுழைக்காதீர்கள், அது சுருட்டை விரியன் இருக்கும் பூமி.

அம்மாவுக்கு 62 வயது. சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறார். பாலைவன யோகா முகாமுக்குப் போக ஆசைப்படுகிறார். அனுப்பலாமா?
— வாசகி, ஜனக்புரி

டாக்டர் சரி என்றால் அனுப்புங்கள், ஆசைப்பட்டுக் கேட்கிறார். ஆனால் முகாம்காரர்களிடம் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. நடை? மணலில் நடக்க, தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்கு சக்தி ஆகும். ‘வெறும் 6 கி.மீ.’ என்று அவர்கள் சொன்னால் அம்மாவுக்கு அது 12 கி.மீ. மாதிரி. நடுவில் நிறுத்திக்கொண்டால் கூட்டிவர வண்டி இருக்குமா? ராத்திரியும் வண்டி முகாமிலேயே நிற்குமா? ஜைசல்மேர் ஊருக்கு எவ்வளவு நேரம்? பெரிய சிகிச்சை என்றால் ஜோத்பூர் போக வேண்டும், அது ஜைசல்மேரிலிருந்து சுமார் 280 கி.மீ. இவற்றுக்கெல்லாம் ‘பார்த்துக்கொள்வோம் மேடம்’ என்று மட்டும் பதில் வந்தால் வேறு முகாம் தேடுங்கள்.

வெறுங்காலோடு மணலில் நடக்கச் சொல்வார்கள், அம்மா மறுத்துவிடட்டும். சர்க்கரை நோயில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் முள்ளும் தெரியாது. நடக்கும்போது பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்க வேண்டும், கூட நடப்பவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் 30 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. குளிர்காலத்தில் கூடாரத்து நிழல் போதும். ஒட்டகத்தில் ஏற்றும் மூட்டையிலும் வெயிலில் நிற்கும் ஜீப்பிலும் மட்டும் அதை வைக்க விடாதீர்கள், அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும்.